ஒரு மாதத்துக்குள் ஸ்வெட்டர்: முடியுமா என்று கேட்டவருக்கு

இரண்டு மஃப்ளரும் ஒரு தொப்பியும் பின்னியிருக்கிறீர்கள். நண்பர்களோடு பேச்சுவாக்கில், ஒரு மாதத்துக்குள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் என்று சவாலுக்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். வேலை முடிந்து வந்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். "முடியுமா, இல்லை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நேரம் போதுமா என்பது ஒன்று. மஃப்ளர் பின்னிய கைக்கு ஸ்வெட்டர் வருமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வரும். தொப்பியை வட்டமாகப் பின்னி, உச்சியில் கண்ணிகளை (ஊசியில் விழும் ஒவ்வொரு ஸ்டிட்ச்சும் ஒரு கண்ணி) குறைத்து முடித்தவருக்கு ஸ்வெட்டரில் புதிதாகக் கற்க வேண்டியது ரொம்பக் குறைவு. முதல் கேள்விக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

நான் 20 வருடங்களுக்கு மேலாகப் பின்னுகிறேன், சிலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு மாத ஸ்வெட்டரை நான்கு தடவை முயன்று மூன்று தடவை முடித்தேன். முடியாமல் போனதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உங்கள் கை வேகம் எனக்குத் தெரியாது என்பதால் கீழே வரும் மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணிக் கணக்கை மட்டும் நம்பலாம், அது வெறும் பெருக்கல்தான்.

நவம்பரில் ஒரு ஸ்வெட்டர் என்ற சவால் பின்னல்காரர்களுக்குப் புதிதல்ல. நவம்பருக்குள் 50,000 சொல்லில் நாவல் எழுதும் சவாலைப் பார்த்து, சொல்லுக்குப் பதில் கண்ணி என்று மாற்றிக்கொண்டார்கள். 30 நாள், 50,000 கண்ணி. விளையாட்டாக வைத்த எண் மாதிரி இருக்கிறது, ஆனால் பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு அது கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது. பாருங்கள். முடிந்த ஸ்வெட்டரின் நெஞ்சுச் சுற்றளவு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வொர்ஸ்டட் என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தர நூலில் ஒரு அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை வரும். அப்படியானால் உடம்புச் சுற்றுக்கு 200 கண்ணி. அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை 16 அங்குலம், அதாவது 112 சுற்று. பெருக்கினால் 22,400. கை ஒவ்வொன்றும் மேலே 66 கண்ணி, மணிக்கட்டில் 40 கண்ணி, நீளம் 18 அங்குலம் என்றால் இரண்டு கைக்கும் சேர்த்து 13,300 போல ஆகும். கழுத்திலிருந்து அக்குள் வரையுள்ள தோள் பகுதிக்கு 11,000 வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டியையும் சேர்த்தால் மொத்தம் 47,000 அல்லது 48,000.

இந்த 66, 40 எல்லாம் நானாக வைத்த எண்கள் அல்ல. எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை பரப்பிய விகிதங்கள் இவை. உடம்புச் சுற்றை நூறு என்று எடுத்துக்கொண்டால் மேற்கை 33, மணிக்கட்டு 20, கழுத்து 40, அக்குளில் 8. எல்லா உடம்புக்கும் அச்சாகப் பொருந்தாது. மேற்கை பருத்தவர்கள் 33-ஐ 36 ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு டிசைன் தாளில் இருக்கும் எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 118 கண்ணி பின்னி 2006-இல் நெதர்லாந்தின் மிரியம் டெகெல்ஸ் உலக சாதனை படைத்தார். அதைக் கேட்டு மிரள வேண்டாம், அவருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. பழகிய கைகள் பலவும் சாவகாசமாகப் பின்னும்போது நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை போகும். புதியவர்களிடம் நான் பார்த்தது 10 முதல் 15. உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு நிமிடம் மட்டும் அளந்தால் அது ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிடும், வரும் எண்ணும் பொய்யாக இருக்கும். வாங்கப்போகும் நூலிலேயே 20 நிமிடம் பின்னுங்கள். நூலை உருண்டையிலிருந்து இழுப்பது, ஊசியில் கண்ணிகளைத் தள்ளி விடுவது, நடுவில் போனைப் பார்ப்பது எல்லாம் அதில் சேரட்டும். அதை 20-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான வேகம்.

நிமிடத்துக்கு 20 என்றால் 47,500 கண்ணிக்கு 40 மணி நேரம் ஆகும். 12 என்றால் 66 மணி நேரம். உங்களிடம் இருப்பது எவ்வளவு? 30 நாளும் பின்ன முடியாது. கடைசி மூன்று நாள் துவைக்கவும் காயவைக்கவும் போய்விடும், ஒரு நாளாவது தலைவலியோ விருந்தாளியோ வந்துவிடும். ஆக 26 நாள், 39 மணி நேரம். நடுத்தர நூலில் நிமிடத்துக்கு 20 பின்னினால்கூட இது போதாது. இதை ஒளித்துவைத்து "முயற்சி செய்யுங்கள், முடியும்" என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் நூலின் கனத்தை மாற்றினால் கணக்கே மாறிவிடும். ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று பாருங்கள். நடுத்தர நூலில் ஐந்தை ஏழால் பெருக்கி 35. சாக்ஸ் பின்னும் மெல்லிய நூலில் 7 கண்ணி, 10 வரிசை, அதாவது 70. ரொம்பத் தடித்த நூலில் மூன்றரைக் கண்ணி, 5 வரிசை, பதினேழரை. ஒரே ஸ்வெட்டர், ஒரே அளவு, மெல்லிய நூலுக்கும் தடித்த நூலுக்கும் நடுவே நாலு மடங்கு வேலை. அப்படியானால் இருப்பதிலேயே தடித்ததை எடுத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 8 மில்லிமீட்டர் ஊசியில் ஒவ்வொரு கண்ணிக்கும் கை அதிகம் அசைய வேண்டும், அதனால் கண்ணி பாதியானாலும் நேரம் பாதியாகாது. உடம்புப் பகுதி வளர வளர மொத்த எடையும் மணிக்கட்டில் தொங்கும். போட்டுப் பார்த்தால் ஆளையே கொஞ்சம் உப்பவைத்துக் காட்டும். இதெல்லாம் ரசனை சார்ந்தது, வேறு மாதிரி சொல்பவர்களும் உண்டு.

நான் சொல்வது நடுவாந்திரம்: ஒரு அங்குலத்துக்கு 4 கண்ணி, ஐந்தரை வரிசை வரும் நூல். ஏரன் என்று லேபிளில் இருக்கும் நூல்களில் கொஞ்சம் கனமானவை இதற்குச் சரியாக வரும். ஊசி 5 அல்லது 5.5 மில்லிமீட்டர். உடம்புச் சுற்றுக்கு 160 கண்ணி, மொத்தம் ஏறக்குறைய 30,000. நிமிடத்துக்கு 15 என்றால் 33 மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் 39 மணியில் இது அடங்கிவிடுகிறது, ஐந்தரை மணி நேரம் மிச்சமும் இருக்கிறது. அந்த மிச்சம் தவறுகளைப் பிரித்துப் பின்னுவதற்கு. கட்டாயம் தேவைப்படும். நூல் 900 முதல் 1,100 மீட்டர் வரை வேண்டியிருக்கும். டிசைன் தாளில் உங்கள் அளவுக்குப் போட்டிருப்பதை வாங்கி, கூட ஒரு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா உருண்டையிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து திரும்பப் போனால் அதே நிறம் கிடைக்கும், ஆனால் அதே சாயம் கிடைக்காமல் போகலாம். நெஞ்சுக்குக் குறுக்கே கோடு விழுந்தது மாதிரி தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இரவில் பின்னப் போகிறீர்கள் என்றால் கறுப்பும் கரு நீலமும் வேண்டவே வேண்டாம், கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் மோஹேர் மாதிரி நூலும் வேண்டாம். அது பார்க்கத்தான் அழகு, பிரிக்க முயன்றால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு அழவைக்கும். வழவழப்பாக முறுக்கிய, வெளிர் நிற நூல் எடுங்கள்.

எந்த ஸ்வெட்டர் என்பதற்கு என் பதில், கழுத்திலிருந்து கீழே போகும் ரேக்லன். தனித்தனித் துண்டாகப் பின்னித் தைக்கும் முறையும் நல்ல முறைதான், தையல் இருப்பதால் உருவம் நன்றாக நிற்கும். ஆனால் முதல் தடவை தைப்பவருக்கு அதற்கு மட்டுமே இரண்டு மூன்று மாலைகள் போய்விடும். கீழ்நோக்கிய ரேக்லனில் தையல் இல்லை. கழுத்தில் கண்ணி ஏற்றி, வட்டமாகப் பின்னிக்கொண்டே நான்கு இடங்களில் கண்ணி கூட்டிக்கொண்டு போவீர்கள். அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு உடம்பை முடிப்பீர்கள், அப்புறம் கைகள். இதில் பெரிய சௌகரியம், அவ்வப்போது தலை வழியாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நீளம் போதுமா என்று டிசைன் தாளைக் கேட்க வேண்டாம், கண்ணாடியைக் கேட்கலாம். முன்பக்கம் முழுக்க நிட் கண்ணியாக, அதாவது V வடிவில் தெரியும் நேர்க் கண்ணியாக வரும் வெற்று ஸ்டாக்கினெட் போதும். ஆனால் ஸ்டாக்கினெட் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், அதனால் விளிம்புகளில் நிட்டும் பர்லும் (நிட்டின் மறுபக்கம் மாதிரி தெரியும் கண்ணி) மாறி மாறி வரும் ரிப் பின்னல் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் தோற்ற கதை. ஜடை மாதிரி முறுக்கு வரும் கேபிள் டிசைனை எடுத்துக்கொண்டேன். கண்ணிக் கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். 19-ஆம் நாள் இரவு தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது, நடு முறுக்கு ஒரு இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு மேல் 40 வரிசை போயிருந்தேன். அந்த முறுக்கின் கண்ணிகளை மட்டும் கீழே இறக்கிச் சரிசெய்யலாம், அது எனக்குத் தெரியும். ஆத்திரத்தில் முழுவதையும் பிரித்துவிட்டேன். அந்த ஸ்வெட்டரை மறு வருடம்தான் முடித்தேன். டிசைன் போட்ட ஸ்வெட்டரை அவசரமில்லாத வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாதிரித் துண்டு. எல்லோரும் தவிர்க்க நினைப்பது, நானும் தவிர்த்திருக்கிறேன். 160 கண்ணியைக் கணக்கில் எடுங்கள். அங்குலத்துக்கு 4 வந்தால் 40 அங்குலம். 3.75 வந்தால் 42.7. 4.25 வந்தால் 37.6. கால் கண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் ஐந்து அங்குல வித்தியாசம், ஒன்று தொளதொள, இன்னொன்று இறுக்கம். சவால் தொடங்கும் நாளுக்கு முன்பே ஆறு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, நடுவில் 4 அங்குலத்தை அளந்து பாருங்கள். ஓரங்களில் அளக்காதீர்கள், அங்கே கண்ணிகள் இழுபட்டிருக்கும். கண்ணி அதிகம் வந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைந்தால் சிறிதாக்குங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது இரண்டு நாள்கூடத் தாங்காது.

துவைக்க வேண்டும் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்த சூப்பர்வாஷ் கம்பளியில் நான் ஒரு முறை பின்னினேன். மாதிரித் துண்டைத் துவைக்காமல் அளந்தேன். ஸ்வெட்டர் அருமையாகப் பொருந்தியது, முதல் துவையல் வரை. துவைத்து எடுத்தபோது கைகள் விரல் நுனி வரை வந்திருந்தன. கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் சாதாரணக் கம்பளி உருவத்தைப் பிடித்துவைக்கிறது. சூப்பர்வாஷில், சுருங்காமலிருக்க அந்தச் செதில்களை அரித்தோ பூச்சு பூசி மூடியோ விடுகிறார்கள். பிடிமானம் போனால் ஈரத்தில் நீள்கிறது. பருத்தி நூலும் தன் எடையிலேயே கீழே இறங்கும். அக்ரிலிக் துவைப்பதால் பெரிதாக மாறாது, ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், துவண்டுபோனால் பழைய நிலைக்கு வராது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தட்டையாக முன்னும் பின்னும் பின்னும்போது ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். வட்டமாகப் பின்னும்போது எல்லாமே நிட். பலருக்கு பர்ல் கொஞ்சம் தளர்வாக விழும். அதனால் தட்டையான மாதிரித் துண்டு சொல்லும் எண் வட்டமான ஸ்வெட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டு முனை உள்ள ஊசியிலோ வட்ட ஊசியிலோ ஒரு வரிசை பின்னியதும் திருப்பாமல், கண்ணிகளை மறு முனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தளர்வாக இழுத்துவந்து மறுபடி நிட் போட்டுக்கொண்டே போனால் வட்டப் பின்னலின் அளவு கிடைத்துவிடும். பின்னால் நூல் தொங்கும், பரவாயில்லை.

தொடங்கியதும் ஒரு ஏமாற்றம் வரும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். கழுத்தருகில் சுற்று சின்னது, பத்துப் பன்னிரண்டு சுற்று ஒரே மாலையில் ஓடிவிடும். "அட, பத்து நாளில் முடித்துவிடுவேன் போல" என்று தோன்றும். நாளாக ஆகக் கண்ணி கூடிக்கொண்டே போய், அக்குள் நெருங்கும்போது ஒரு சுற்று தொடக்கத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். அதே ஒன்றரை மணி நேரத்தில் ஐந்தாறு சுற்றுதான் முடியும். நீங்கள் மெதுவாகிவிட்டீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்குலத்தை அளக்காமல் கண்ணியை எண்ணுங்கள். தினம் 1,150 கண்ணி, அவ்வளவுதான். உடம்பை முடிக்கும்போது மொத்தத்தில் 70 சதவிகிதம் தாண்டிவிட்டிருப்பீர்கள், ஆனால் மனசு பாதி என்றுதான் சொல்லும். ஏனென்றால் கைகள் இரண்டும் அப்படியே வெறுமையாகத் தெரியும்.

நாள்கணக்கு வேண்டுமென்றால்: முதல் 7 நாளில் தோள் பகுதி, 17-ஆம் நாளுக்குள் உடம்பு, 25-ஆம் நாளுக்குள் இரண்டு கைகளும், அடுத்த நாள் கழுத்துப்பட்டியும் நூல் முனைகளைச் செருகுவதும், 27 அன்று துவையல். கைகளைச் சின்ன வட்டத்தில் பின்ன வேண்டியிருப்பதால் அங்கே வேகம் குறையும், அதற்கும் சேர்த்துத்தான் எட்டு நாள் கொடுத்திருக்கிறேன். வட்ட ஊசியின் இரு முனைகளையும் இணைக்கும் நீளக் கேபிளை நடுவில் வெளியே இழுத்துப் பின்னும் மேஜிக் லூப் முறையைத் தொப்பியின் உச்சியில் செய்திருந்தால் அதுவே போதும். முதல் கையில் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை குறைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நினைவிருக்கும் என்று நம்பி நான் பின்னிய ஒரு ஸ்வெட்டருக்கு இன்றும் இடது கை ஒரு அங்குலம் நீளம்.

பிழைகளில் ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்தானது. கண்ணி ஏற்றி வட்டமாக இணைக்கும்போது ஊசியில் கண்ணிகள் ஒரு முறை முறுக்கிக்கொண்டிருந்தால், ஸ்வெட்டருக்குப் பதில் முறுக்கிய வளையம் ஒன்று கிடைக்கும். நாலு சுற்று போன பிறகு தெரிந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னிவிட்டு அப்புறம் இணைத்தால் முறுக்கு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சின்ன இடைவெளியைக் கடைசியில் நூல் முனையால் தைத்துக்கொள்ளலாம். நழுவிய கண்ணியைக் குரோஷா ஊசியால் ஏணிப்படி மாதிரி ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. அக்குளில் கைகளைப் பிரிப்பதற்கு முந்தைய சுற்றில், வேறு நிற மெல்லிய பருத்தி நூலை எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்து விடுங்கள். அதற்குப் பிறகு என்ன குளறுபடி நடந்தாலும் அந்த இடம் வரை மட்டும் பிரித்தால் போதும்.

கையைப் பற்றி. நான் மருத்துவர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். 25 நிமிடத்துக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடங்கள். விரல் மரத்துப்போனாலோ கட்டைவிரல் அடியில் சுருக்கென்று வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், சவாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேகம் கூடும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக, நூலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பின்னும் முறையை இந்த மாதத்தில் பழகாதீர்கள். இடது கை முறையில் அசைவு குறைவு என்பது உண்மைதான், ஆனால் கை பழகப் பல வாரம் ஆகும், அதுவரை கண்ணிகள் ஒரு சீராக விழாது. ஊசியை மாற்றுவது மட்டும் சுலபம். உலோக ஊசியில் கண்ணி சட்டென்று வழுக்கி ஓடும், மூங்கில் ஊசி பிடித்துவைக்கும். நீங்கள் அடிக்கடி கண்ணியை நழுவவிடுபவராக இருந்தால் மூங்கிலே நல்லது.

20-ஆம் நாளில் உடம்பே முடியவில்லை என்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு இரண்டு வழி இருக்கும். உடம்பை இடுப்பு எலும்புக்கு மேலேயே நிறுத்தி ரிப் போட்டு மூடலாம், அல்லது கைகளை முழங்கைக்கு மேலேயே முடித்துவிடலாம். அரைக்கை வைத்தால் மொத்தக் கண்ணியில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சவால் முடிந்த பிறகு அந்த ரிப்பைப் பிரித்து, கண்ணிகளை ஊசியில் எடுத்து, நீளத்தைக் கூட்டிக்கொள்ளவும் முடியும். மேலிருந்து கீழே பின்னச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

துவைத்த மாதிரித் துண்டில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை வந்தன என்பதையும், முடிந்த ஸ்வெட்டருக்கு எத்தனை அங்குலம் நெஞ்சளவு வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதுங்கள். உடம்பின்மேல் எடுத்த அளவோடு 3 அல்லது 4 அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சட்டை போட இடம் இருக்காது. கழுத்தில் எத்தனை ஏற்றுவது, எந்தச் சுற்றில் கூட்டுவது என்ற எண்களைப் போட்டுத் தருகிறேன்.